லினக்ஸ் தொடங்கும்போது டிரைவர் மாட்யூல்கள் சரியாக ஏற: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லினக்ஸ் நிறுவிய புதிதில் பலருக்கும் வரும் தொல்லை இது. வைஃபை தெரியாது, அல்லது ஒலி வராது, அல்லது விசிறியின் வேகம் காட்டும் மென்பொருள் சென்சார் எதுவும் இல்லை என்று சொல்லும். யாரோ சொன்ன கட்டளை ஒன்றை டெர்மினலில் கொடுத்து, அந்த வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவர் மாட்யூலை ஏற்றியதும் எல்லாம் வேலை செய்யும். கணினியை அணைத்துப் போட்டால் மறுபடி பழைய கதைதான். அப்போது எல்லோரும் கேட்பது, "இந்த மாட்யூலை ஒவ்வொரு முறையும் தானாக ஏற வைப்பது எப்படி?"

அதற்கு ஒரு வரியில் பதில் உண்டு, கீழே வருகிறது. ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: அது ஏன் தானாக ஏறவில்லை? இன்றைய லினக்ஸில் பெரும்பாலான வன்பொருளுக்கு நாம் எதையும் எழுதித்தர வேண்டியதில்லை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே பார்த்துக்கொள்ளும். ஏறவில்லை என்றால் வழியில் ஏதோ ஓர் இடத்தில் தடைபட்டிருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் மாட்யூலின் பெயரைக் கோப்பில் எழுதிவைப்பது, பெரும்பாலும் அடுத்த கெர்னல் அப்டேட் வரைதான் தாங்கும். சில சமயம் அதுவரைகூடத் தாங்காது.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வாயால் சொல்லும் விதத்திலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய ஓரிடத்தில் மட்டும் தனியாகச் சொல்கிறேன்.

கெர்னல் எப்படித் தேடுகிறது

டிரைவர்களில் சில கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கும். மற்றவை தனித்தனிக் கோப்புகளாக வட்டில் இருக்கும். அவற்றைத்தான் மாட்யூல் என்கிறோம். இருப்பிடம் /லிப்/மாட்யூல்ஸ். அதற்குள் கெர்னல் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் தனி அடைவு உண்டு. இப்போது ஓடும் பதிப்பு எது என்று பார்க்க 'யுநேம் -ஆர்'. ஒரு பதிப்புக்காகக் கட்டிய மாட்யூல் இன்னொரு பதிப்பில் ஏறாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

பிசிஐ, யுஎஸ்பி வழியே இணைந்திருக்கும் கருவிகள், வாசலில் நின்று பெயர் சொல்லும் விருந்தாளிபோல, தங்கள் அடையாள எண்ணைத் தாங்களே சொல்லும். தயாரித்தவருக்கு ஓர் எண், கருவிக்கு ஓர் எண். இன்டெல் என்றால் 8086, ரியல்டெக்கின் பிசிஐ கருவிகளுக்கு 10 ஈசி, என்விடியாவுக்கு 10 டிஇ. கெர்னல் அந்த எண்ணை யுடெவ் என்ற சேவைக்கு அறிவிக்கும். எந்த எண்ணுக்கு எந்த மாட்யூல் என்ற பட்டியல் மாட்யூல்ஸ்.அலியாஸ் என்ற கோப்பில் ஏற்கெனவே இருக்கிறது. பொருந்தும் மாட்யூல் கிடைத்தால், அது நம்பியிருக்கும் மற்ற மாட்யூல்களோடு சேர்த்து ஏற்றப்படும். கணினி தொடங்கும் சில நொடிகளுக்குள் இவ்வளவும் நடந்து முடிகிறது.

முதலில் கருவியைக் கேளுங்கள்

டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' என்று கொடுங்கள். யுஎஸ்பி கருவி என்றால் 'எல்எஸ்யுஎஸ்பி'. புதியவர்களுக்கு முதன்முதலில் கற்றுக்கொடுக்க வேண்டிய கட்டளை இது என்றே சொல்வேன். எல்எஸ்பிசிஐ-யில் ஒவ்வொரு கருவிக்கும் பெயர், அடைப்புக்குறிக்குள் அடையாள எண், அதன் கீழே இரண்டு வரிகள் வரும் (எல்எஸ்யுஎஸ்பி பெயரையும் எண்ணையும் மட்டும் காட்டும்). 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்பது இப்போது கருவியை இயக்கிக்கொண்டிருப்பது. 'கெர்னல் மாட்யூல்ஸ்' என்பது பட்டியலில் அந்த எண்ணுக்குப் பொருந்துபவை.

இந்த இரண்டு வரிகளிலிருந்தே பாதி விடை கிடைத்துவிடும். இரண்டாவது வரி இருந்து முதல் வரி இல்லை என்றால், டிரைவர் வட்டில் இருக்கிறது, ஏதோ தடுக்கிறது. இரண்டுமே இல்லை என்றால், இந்தக் கெர்னலில் அந்தக் கருவிக்கு டிரைவரே இல்லை. கெர்னலைப் புதுப்பித்தாலே சரியாகலாம், அல்லது டிரைவரை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கும். இரண்டும் இருந்தும் கருவி வேலை செய்யவில்லை என்றால், மாட்யூல் ஏறிவிட்டது, சிக்கல் வேறு இடத்தில். வைஃபை விஷயத்தில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று பாருங்கள். விசைப்பலகையில் இருக்கும் விமானப் பொத்தான் தெரியாமல் அழுந்தியிருப்பதும் உண்டு.

அப்புறம் 'எல்எஸ்மாட்'. இப்போது நினைவகத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களின் பட்டியல் அது. மாட்யூலைப் பற்றி விவரம் வேண்டுமென்றால் 'மாட்இன்ஃபோ' என்று கொடுத்துப் பெயரைச் சேருங்கள். கோப்பு எங்கே இருக்கிறது, எந்த எண்களுக்குப் பொருந்தும், என்னென்ன அமைப்புகளை ஏற்கும் என்றெல்லாம் சொல்லும். கோப்பின் இடத்தில் 'பில்ட்இன்' என்று வந்தால் அது கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் முடியாது.

கையால் ஏற்றிப் பார்த்து, வரும் பிழையைப் படியுங்கள்

'சூடோ மாட்ப்ரோப்' என்று எழுதி மாட்யூல் பெயரைச் சேருங்கள். (சூடோ என்பது கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது.) பழைய குறிப்புகளில் இன்ஸ்மாட் என்ற கட்டளையைப் பார்க்கலாம். அதற்குக் கோப்பின் முழு முகவரி வேண்டும், சார்ந்திருக்கும் மாட்யூல்களை அது தேடாது. மாட்ப்ரோப் போதும். பெயரோடு .கேஓ சேர்க்க வேண்டாம். பெயருக்கு நடுவில் ஹைஃபன் போட்டாலும் அடிக்கோடு போட்டாலும் மாட்ப்ரோப்புக்கு ஒன்றுதான்.

எதுவும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்துவிட்டால் மாட்யூல் ஏறிவிட்டது. பிழை வந்தால் அந்த வரியைக் கவனமாகப் படியுங்கள், காரணம் அதிலேயே இருக்கும்.

'மாட்யூல் நாட் ஃபவுண்ட்': இப்போது ஓடும் பதிப்பின் அடைவில் அந்தக் கோப்பு இல்லை. பெயரில் எழுத்துப்பிழை இருக்கலாம், அல்லது கெர்னல் மாறிவிட்டது, வெளியிலிருந்து கொண்டுவந்த டிரைவர் பழைய பதிப்போடு நின்றுவிட்டது. கோப்பை நீங்களே நகலெடுத்து வைத்திருந்தால் 'சூடோ டெப்மாட் -ஏ' கொடுத்துப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும்.

'எக்ஸெக் ஃபார்மட் எரர்': வேறு பதிப்புக்காகக் கட்டிய மாட்யூல். மீண்டும் கட்டுவதே வழி.

'நோ சச் டிவைஸ்': மாட்யூல் ஏறிப் பார்த்தது, அதற்குரிய கருவி கண்ணில் படவில்லை. பெரும்பாலும் நீங்கள் தவறான மாட்யூலைப் பிடித்திருக்கிறீர்கள்.

'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்', அல்லது 'ரிக்வயர்டு கீ நாட் அவெய்லபிள்': நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு தடுக்கிறது. அதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

இதோடு கெர்னலின் குறிப்பேட்டையும் ஒருமுறை பாருங்கள்: 'சூடோ டிமெஸ்ஜி'. அதில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். வைஃபை சில்லுகள் பலவற்றுக்கு டிரைவர் மட்டும் போதாது. சில்லுக்குள் செலுத்த வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு /லிப்/ஃபர்ம்வேர் அடைவில் இருக்க வேண்டும். ஃபர்ம்வேர் லோட் ஆகவில்லை, எரர் -2 என்று வந்தால் அந்தக் கோப்பே இல்லை என்று பொருள். மாட்யூலை எத்தனை முறை ஏற்றினாலும் பயனில்லை. டெபியனில் இன்டெல் வைஃபைக்கு ஃபர்ம்வேர்-ஐடபிள்யுஎல்வைஃபை, ரியல்டெக்குக்கு ஃபர்ம்வேர்-ரியல்டெக் என்ற தொகுப்புகள். உபுண்டுவில் லினக்ஸ்-ஃபர்ம்வேர். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் இவை நிறுவும் வட்டிலேயே சேர்ந்து வருகின்றன, அதனால் இந்தத் தொல்லை இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

பெயரை எழுதிவைக்க வேண்டியது எப்போது

எல்லா வன்பொருளும் தன்னை அறிவித்துக்கொள்வதில்லை. மதர்போர்டில் வெப்பம், விசிறி வேகம் இவற்றைக் கண்காணிக்கும் நுவோட்டன் சில்லு நல்ல எடுத்துக்காட்டு. அதற்குப் பிசிஐ எண் கிடையாது. கெர்னல் கேட்டாலொழிய அது இருப்பதே தெரியாது. அதற்கான என்சிடி6775 மாட்யூலை நாம்தான் பெயர் சொல்லி ஏற்ற வேண்டும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், ஐ2சி என்ற கம்பி வழி இணையும் சென்சார் போன்ற கருவிகளை நிரல்களிலிருந்து அணுக உதவும் ஐ2சி-டெவ், மெய்நிகர் கேமரா தரும் வி4எல்2லூப்பேக் போன்றவையும் இதே வகை. கடைசியாகச் சொன்னதற்கு வன்பொருளே கிடையாது, பிறகு யார் வந்து அறிவிப்பது?

இவற்றுக்கு உரிய இடம் /ஈடிசி/மாட்யூல்ஸ்-லோட்.டி என்ற அடைவு. அங்கே .கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்குங்கள். 'சூடோ நானோ /ஈடிசி/மாட்யூல்ஸ்-லோட்.டி/சென்சார்.கான்ஃப்' என்று திறந்து, உள்ளே ஒரே ஒரு வரி:

என்சிடி6775

அவ்வளவுதான். ஒரு வரிக்கு ஒரு மாட்யூல். எண் குறி # போட்டுத் தொடங்கும் வரி வெறும் குறிப்பு, அதை யாரும் படிப்பதில்லை. தொடக்கத்தில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி-யைப் பயன்படுத்தும் உபுண்டு, டெபியன், ஃபெடோரா, ஆர்ச் எல்லாவற்றிலும் இதே முறைதான். டெபியன் வழியில் வந்தவற்றில் /ஈடிசி/மாட்யூல்ஸ் என்ற பழைய கோப்பும் செல்லும். ராஸ்பெர்ரி பையில் ராஸ்பி-கான்ஃபிக் வழியே ஐ2சி-யை இயக்கினால் அதுவே தேவையானதை எழுதிவிடும், கையால் தொட வேண்டாம்.

சென்சாருக்கு எந்த மாட்யூல் என்று தெரியாவிட்டால் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பை நிறுவி 'சூடோ சென்சார்ஸ்-டிடெக்ட்' ஓட்டுங்கள். அது தேடிக் கண்டுபிடித்து, கடைசியில் கோப்பில் சேர்க்கட்டுமா என்று உங்களிடம் கேட்கும்.

ரீஸ்டார்ட் செய்தபின் ஏறவில்லையா? 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் சிஸ்டம்டி-மாட்யூல்ஸ்-லோட்' என்று கேளுங்கள். எந்தப் பெயரில் தடுக்கியது என்று அது சொல்லும்.

அமைப்புகளுக்கு வேறு அடைவு

இங்கேதான் குழப்பம் அதிகம். மாட்யூல்ஸ்-லோட்.டி அடைவில் பெயர் மட்டும்தான் எழுதலாம். மாட்யூலுக்கான அமைப்புகளையும் அதே வரியில் சேர்த்து எழுதினால் அவை செல்லாது. அமைப்புகளுக்கு இன்னோர் அடைவு இருக்கிறது: /ஈடிசி/மாட்ப்ரோப்.டி. முன்னது எதை ஏற்றுவது என்று சொல்கிறது, பின்னது ஏறும்போது எப்படி ஏற வேண்டும் என்று சொல்கிறது. பின்னதில் எழுதுவதால் மட்டும் எந்த மாட்யூலும் ஏறிவிடாது.

ஓர் உண்மையான தேவை: லேப்டாப்பில் பாட்டு நின்ற சில நொடிகளில் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஓர் ஓசை. ஒலிச் சில்லு மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தூங்கப் போகும்போது வரும் ஓசை அது. /ஈடிசி/மாட்ப்ரோப்.டி அடைவில் ஒலி அமைப்புக்கென ஒரு .கான்ஃப் கோப்பை உருவாக்கி இப்படி எழுதினால் நின்றுவிடும்:

ஆப்ஷன்ஸ் எஸ்என்டி_ஹெச்டிஏ_இன்டெல் பவர்_சேவ்=0

கோப்பின் பெயரையும் ஆங்கில எழுத்துகளிலேயே வையுங்கள். அமைப்பு பிடித்ததா என்று பார்க்க /சிஸ்/மாட்யூல் அடைவுக்குள் மாட்யூலின் பெயரில் இருக்கும் அடைவையும், அதற்குள் பாராமீட்டர்ஸ் என்பதையும் திறந்து பாருங்கள். ஒவ்வோர் அமைப்பின் இப்போதைய மதிப்பும் அங்கே கோப்பாக இருக்கும். கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்ட டிரைவருக்கு இந்த ஆப்ஷன்ஸ் வரி எடுபடாது. கெர்னலின் தொடக்க வரியில் மாட்யூல் பெயர், புள்ளி, அமைப்பு, சமக்குறி, மதிப்பு என்று இடைவெளி விடாமல் எழுத வேண்டும்.

ஒரு மாட்யூல் இன்னொன்றுக்கு முன்னால் ஏற வேண்டுமென்றாலும் மாட்ப்ரோப்.டி-தான் இடம். 'சாஃப்ட்டெப்' என்று தொடங்கி, பின்னால் ஏற வேண்டியதன் பெயர், 'ப்ரீ:' என்று போட்டு, முன்னால் ஏற வேண்டியதன் பெயர். மாட்யூல்ஸ்-லோட்.டி கோப்பில் மேலே கீழே எழுதி வரிசையைக் காப்பாற்றலாம் என்று நம்பாதீர்கள்.

இரண்டு டிரைவர்கள் ஒரே கருவிக்கு மோதும்போது

மாட்யூல் ஏறாமல் போவதற்கு, அந்த இடத்தில் வேறொன்று முன்பே ஏறி உட்கார்ந்திருப்பதும் காரணமாகும். என்விடியாவின் சொந்த டிரைவரும் கெர்னலோடு வரும் நூவோவும் அப்படி. பிராட்காமின் டபிள்யுஎல்லும் கெர்னலின் பி43-யும் அப்படி. விலை குறைந்த லேப்டாப்களில் வரும் ரியல்டெக் ஆர்டிஎல்8821சிஇ வைஃபை சில்லுக்கு வெளியிலிருந்து ஒரு டிரைவர் நிறுவினால், கெர்னலில் இப்போது இருக்கும் ஆர்டிடபிள்யு88 டிரைவரோடு மோதும். முதலில் கெர்னலில் இருப்பதையே முயன்று பாருங்கள் என்பது என் அறிவுரை. வெளி டிரைவரைக் கட்டிக் காப்பது நீண்ட வேலை.

ஒன்றை விலக்க, மாட்ப்ரோப்.டி கோப்பில் 'பிளாக்லிஸ்ட் நூவோ' என்பதுபோல ஒரு வரி. இது அடையாள எண் பார்த்துத் தானாக ஏறுவதை மட்டும் நிறுத்தும். வேறொரு மாட்யூல் அதைத் துணைக்கு அழைத்தாலோ, யாராவது பெயர் சொல்லி ஏற்றினாலோ ஏறவே செய்யும். முழுவதும் பூட்ட வேண்டுமென்றால் 'இன்ஸ்டால்' என்ற சொல், மாட்யூல் பெயர், '/பின்/ஃபால்ஸ்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் பாருங்கள். உங்கள் மாட்யூல் கையால் ஏறுகிறது, தானாக ஏறவில்லை என்றால், முன்பு எப்போதோ நிறுவிய ஒரு தொகுப்பு அதை பிளாக்லிஸ்ட் செய்து வைத்திருக்கக்கூடும். /ஈடிசி/மாட்ப்ரோப்.டி, /லிப்/மாட்ப்ரோப்.டி இரண்டிலும் 'கிரெப் -ஆர்' கொண்டு பெயரைத் தேடுங்கள். அந்த வரியை நீக்கினாலே வேலை முடிந்தது. இந்த நிலையில் மாட்யூல்ஸ்-லோட்.டி-யில் பெயரை எழுதிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், தொடக்கத்தில் அந்த வரியைப் படிக்கும் சேவையும் பிளாக்லிஸ்ட்டை மதித்து விலகிவிடும்.

மாற்றியும் மாறவில்லையா? இனிட்ராம்எஃப்எஸ்

கணினி தொடங்கும்போது வட்டிலுள்ள உங்கள் கோப்புகளைப் படிப்பதற்கே டிரைவர் வேண்டும். அந்த டிரைவரோ வட்டில் இருக்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் இனிட்ராம்எஃப்எஸ். பூட் பகுதியில் வைத்திருக்கும் சிறு கோப்புத்தொகுதி அது. கெர்னலோடு சேர்ந்து முதலில் நினைவகத்துக்கு வரும். வட்டு டிரைவர்கள், பல சமயம் திரை டிரைவரும், அதற்குள் இருக்கும். மாட்ப்ரோப்.டி கோப்புகளின் நகலும் அதற்குள் போயிருக்கும்.

இது பழைய நகல் என்பதுதான் சிக்கல். /ஈடிசி-யில் நூவோவை விலக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால், உள்ளே இருக்கும் பழைய நகலுக்கு அது தெரியாது, நூவோ ஏறிவிடும். ஆகவே மாட்ப்ரோப்.டி-யில் எதை மாற்றினாலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டும் பழக்கம் வையுங்கள்:

உபுண்டு, டெபியன்: சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு
ஃபெடோரா: சூடோ டிராகட் -எஃப்
ஆர்ச்: சூடோ எம்கேஇனிட்சிபிஐஓ -பி (இந்த 'பி' பெரிய எழுத்து)

புதிய மதர்போர்டுக்கு வட்டை மாற்றியபின், லினக்ஸ் நிறுவியிருக்கும் ரூட் பகுதி கிடைக்கவில்லை என்று நின்றால் அதற்கும் காரணம் பெரும்பாலும் இங்கேதான். பழைய வன்பொருளுக்கு மட்டும் அளவெடுத்துக் கட்டிய தொகுதியில் புதிய வட்டுக் கட்டுப்பாட்டுக்கான டிரைவர் இருக்காது. டெபியன், உபுண்டுவில் அத்தகைய பெயரை /ஈடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/மாட்யூல்ஸ் கோப்பில் எழுதிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

வெளியிலிருந்து வரும் டிரைவர்கள்: டிகேஎம்எஸ், செக்யூர் பூட்

நேற்று வரை ஓடிய வைஃபை இன்று அப்டேட்டுக்குப் பின் காணோம் என்றால் முதலில் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' பாருங்கள். கெர்னல் மாறும்போதெல்லாம் வெளி டிரைவர்களைப் புதிய பதிப்புக்கு மறுபடி கட்டித்தரும் கருவி டிகேஎம்எஸ். உங்கள் டிரைவருக்கு எதிரே புதிய பதிப்பும் 'இன்ஸ்டால்டு' என்ற சொல்லும் இருக்க வேண்டும். 'ஆடட்' என்று மட்டும் இருந்தால் கட்டப்படவில்லை. மாட்யூலைக் கட்டத் தேவையான கெர்னல் ஹெடர் கோப்புகள் இல்லாததே வழக்கமான காரணம். டெபியனில் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64, உபுண்டுவில் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் என்ற பொதுத் தொகுப்பை நிறுவிவிட்டால், கெர்னலோடு ஹெடர்களும் தாமாகவே புதுப்பிக்கப்படும். பிறகு 'சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்'.

கட்டியாகிவிட்டது, ஆனால் சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பிழை வருகிறதா? 'மாக்யுடில் --எஸ்பி-ஸ்டேட்' என்று கேளுங்கள். செக்யூர் பூட் இயங்குகிறது என்று சொன்னால், கையொப்பமில்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. பலர் உடனே பயாஸுக்குப் போய் செக்யூர் பூட்டையே அணைத்துவிடச் சொல்வார்கள். அணைக்காமலே தீர்க்கலாம், சில நிமிட வேலைதான். டிகேஎம்எஸ் தானே ஒரு சாவி உருவாக்கி மாட்யூலில் கையொப்பமிடுகிறது. அந்தச் சாவியை நம்பலாம் என்று கணினிக்கு ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

டெபியனில் 'சூடோ மாக்யுடில் --இம்போர்ட் /வார்/லிப்/டிகேஎம்எஸ்/மாக்.பப்' என்று கொடுங்கள். உபுண்டுவில் டிரைவர் நிறுவும்போதே கடவுச்சொல் கேட்கும், குறைந்தது 8 எழுத்து. இந்தக் கடவுச்சொல் ஒரே ஒருமுறை பயன்படும். ரீஸ்டார்ட்டில் அதைக் கேட்கும் திரையில் விசைப்பலகை அமெரிக்க வரிசையில் இருக்கும் என்பதால் குறியீடுகள் இல்லாமல் எழுத்தும் எண்ணும் மட்டும் வையுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் மாக் (கணினி உரிமையாளர் சேர்க்கும் சாவி) மேலாண்மை என்ற நீலத்திரை வரும். சில நொடிகள்தான் காத்திருக்கும், எழுந்து போய்விடாதீர்கள். ஏதாவது ஒரு விசையை அழுத்தி, 'என்ரோல் மாக்', 'கன்டின்யூ', 'யெஸ்', கடவுச்சொல், 'ரீபூட்' என்று போங்கள். தவறவிட்டால் இம்போர்ட் கட்டளையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

திரை கறுத்துப்போனால்

திரை டிரைவரில் கை வைப்பவர்கள் இதைக் கணினிக்கு வெளியே, ஒரு தாளில் குறித்துவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். கணினியை இயக்கியதும், எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியல் வராவிட்டால் எஸ்கேப் விசையைத் தட்டுங்கள், பழைய பயாஸ் முறையில் ஷிஃப்ட்டைப் பிடித்திருங்கள். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே பழைய கெர்னல் இருக்கும், பல சமயம் அதைத் தேர்ந்தாலே கணினி எழுந்துவிடும்.

அதுவும் ஆகவில்லை என்றால் பட்டியலில் உங்கள் லினக்ஸ் மேல் நின்று ஈ விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'மாட்ப்ரோப்.பிளாக்லிஸ்ட்=' என்று எழுதி, தொல்லை தரும் மாட்யூலின் பெயரைச் சேர்த்து, கன்ட்ரோல் எக்ஸ் அழுத்துங்கள். இது அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும்தான் செல்லும், வட்டில் எதுவும் மாறாது. உள்ளே வந்ததும் நீங்கள் எழுதிய .கான்ஃப் கோப்பைத் திருத்துங்கள் அல்லது நீக்குங்கள், இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டுங்கள், பிறகு ரீஸ்டார்ட் செய்து 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' காட்டும் முதல் வரியைப் பாருங்கள்.